வலையா, தூண்டிலா, பூபுவா: தோட்டத்து வீட்டுக்கு எது ஒத்துவரும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ பக்கம் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. செம்பனை வரிசை முடியும் இடத்தில் மண்மேடு, மேட்டைத் தாண்டினால் கண்டல்காடு, அப்புறம் சேறு, அதற்கும் அப்பால் மலாக்கா நீரிணை. சுங்கை சுமுனிலோ ஊத்தான் மெலிந்தாங்கிலோ மோட்டார் சைக்கிளை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் ஏதாவதொரு ஆற்று முகத்தில் நிற்கலாம். வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணம் ஆறு, நடுவில் பாரிட்டு என்ற எண்ணிக்கையில்லாத வடிகால்கள். பாசாரில் நல்ல மீன் விலை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, நாமே பிடித்தால் என்ன என்று யோசிக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. யோசித்த கையோடு வரும் அடுத்த கேள்வி, வலையா, தூண்டிலா, பூபு என்ற நண்டுக்கூடா, முதலில் எதை வாங்குவது என்பது.

கேட்டால் பெரும்பாலோர் வலை என்பார்கள். வலை போட்டால் கூடை நிறையும் என்ற எண்ணம்தான் காரணம். எது அதிகம் பிடிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், எது உங்கள் வேலை நேரத்தோடு ஒத்துப்போகும் என்று பாருங்கள் என்பேன் நான். விடிகாலை பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவருக்கும், எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் கடல் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது.

மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கரை தளும்பியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே எட்டு மணிக்கு அநேகமாக வற்றிக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமி வாக்கில் தண்ணீர் மந்தமாக இருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே இதற்குப் பாதி வழிகாட்டி. மணிக்கணக்கு வேண்டுமானால் கைப்பேசியில் ஓத அட்டவணை கிடைக்கும். அதைப் பார்க்காமல் கிளம்புகிறவர் என்ன சாதனம் வைத்திருந்தாலும் சேற்றைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

சரி, வலையிலிருந்தே தொடங்குகிறேன்.

வலை என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றும் வேறு வேலை. ஜாலா என்று நாம் சொல்லும் வீச்சு வலையை ஒருவரே வீசலாம், படகு வேண்டாம். பாரிட்டு வாயில் மடவையும் இறாலும் கிடைக்கும். ஆனால் வலை வட்டமாக விரிந்து விழ வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். கண்டல் வேரும் மூழ்கிய கட்டையும் உள்ள இடத்தில் ஒரே வீச்சில் கிழிந்துவிடும். சொல்லித்தர ஆள் இருந்தால் நல்ல சாதனம்தான், அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஜாரிங் என்ற செவுள் வலைதான் எல்லாருக்கும் ஆசை காட்டுவது. மேலே மிதவை, கீழே ஈயம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத நைலான் இழை. கண்ணியின் (வலைத் துளையின்) அளவு எவ்வளவோ அந்த அளவுக்கு ஏற்ற மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். சிறியது நழுவிப் போகும், பெரியது நுழையாமல் திரும்பும். கண்ணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் குஞ்சுகளை விட்டுவைக்கும் நியாயமான வலைதான் அது. மூன்றடுக்கு வலை அப்படியில்லை. பெரிய கண்ணி இரண்டுக்கு நடுவே சின்னக் கண்ணி ஒன்று தொங்கும். மீன் உள்ளே தள்ளிய இடத்தில் பையாகிச் சுருட்டிக்கொள்ளும். இறாலுக்கு என்று போட்டாலும் கண்டதெல்லாம் வரும்.

நம் சிக்கல் மாட்டிய மீனை எடுப்பதில்தான் தொடங்குகிறது. ஆற்று முகத்தில் வலை போட்டால் முதலில் வருவது டூரி என்ற கெளுத்தி. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். மூன்றும் ரம்பப் பல்லோடு விறைத்து, பூட்டுப் போட்டதுபோல் மடங்காமல் நிற்கும். ஒவ்வொரு முள்ளிலும் நைலான் இழை இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். மீனின் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, இழையை முள்ளின் நுனிப்பக்கமாகத் தள்ளி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் இழை இன்னும் இறுகும். கடைசியில் முள்ளை இடுக்கியால் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலையை வெட்ட வேண்டும். ஒரு மீனுக்கு இப்படியென்றால், நாற்பது கெளுத்தியும் நாலு நண்டும் சுருண்ட வலையை எத்தனை மணிக்கு முடித்து, எத்தனை மணிக்குப் படுத்து, காலையில் எப்படி எழுந்து போவது?

வலையை விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து எடுக்கலாமே என்றால் அது இன்னும் மோசம். இங்கே கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். வலையில் மாட்டிய மீன் செத்துச் சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். கெம்போங் (கானாங்கெளுத்தி), தொங்கோல் (சூரை) மாதிரி மீன்களில் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். அதோடு, ஆள் இல்லாத வலையில் மீன் மட்டும் மாட்டுவதில்லை. பேராக் ஆற்றில் துந்தோங் என்ற ஆற்று ஆமை இன்னும் மிச்சமிருக்கிறது. அழிந்துபோகாமல் காக்க போத்தா கானானில் தனி நிலையமே நடக்கிறது. அந்த ஆமையும், கரையோரம் சுற்றும் ஓங்கில்களும் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். வலையில் சுற்றிக்கொண்டால் மூழ்கித்தான் சாகும். வலை போடுகிறவர் வலையோடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நேரமில்லாதவர் செவுள் வலை வாங்கக் கூடாது.

இன்னொரு காரணமும் மனதில் இருக்கிறது. இந்தக் கரையோரத் தண்ணீர் சும்மா கிடைத்ததல்ல. 1960களில் இழுவைப் படகுகள் மேற்குக் கரைக்கு வந்தபோது, சின்னப் படகுக்காரர்களின் வலையைக் கிழித்துக்கொண்டு போய், கடலில் அடிதடியும் உயிர்ச்சேதமும் நடந்தன. அதற்குப் பிறகுதான் கடலை மண்டலங்களாகப் பிரித்து, 1981இல் கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பாரம்பரியச் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ரூங்குப்பிலும் பாகான் டத்தோவிலும் செவுள் வலையை நம்பி அடுப்பு எரிக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தண்ணீர்தான் வயல். நமக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. வலை மீன் வேண்டுமானால் படகு வரும் நேரத்துக்கு ஜெட்டி என்ற படகுத்துறைக்குப் போய், செனாங்கினோ வாவலோ அவர்கள் கையிலிருந்தே வாங்கினால், பாசாரைவிட மலிவாகவும் கிடைக்கும், அவர்கள் பிழைப்புக்கும் உதவும்.

தூண்டிலுக்கு வருவோம். கைத்தூண்டில் என்றால் ஒரு சுருள் தூண்டில் நரம்பு, இரண்டு கொக்கி முள், ஒரு ஈயக்கட்டி, அவ்வளவுதான் மூலதனம். தடி, ரீல் என்று போனால் செலவுக்கு வானமே எல்லை. வீட்டுச் சமையலுக்கு அது தேவையில்லை. ஜெட்டியிலோ பாலத்தடியிலோ தண்ணீர் ஏறத் தொடங்கும்போது உட்கார்ந்தால் கெலாமா வரும், கெளுத்தி வரும். உயிர் இறால் கோத்தால் சியாக்காப்பும் வரலாம். சேற்றில் தோண்டி எடுக்கும் பும்பூன் புழு எல்லா மீனுக்கும் பிடிக்கும்.

தூண்டிலின் பெருமை, பிடித்த மீன் உயிரோடு கைக்கு வருவதுதான். சின்னதா, விட்டுவிடலாம். வேண்டாத மீனா, விட்டுவிடலாம். சமைக்கிற அளவுக்குக் கிடைத்ததும் நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பலாம். குழந்தைகளைக் கூட்டிப் போக இதைவிட நல்ல சாதனம் இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதைத் தெரியாமல் வளர்வது எனக்கு வருத்தம். தாத்தாவோடு உட்கார்ந்து நரம்பு துடிப்பதை விரல் நுனியில் உணரும் பிள்ளைக்கு, ஏற்றம் வற்றம் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

குறை என்னவென்றால், நீங்கள் பிடித்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். தண்ணீர் நல்ல நேரம் நடு இரவில் விழுந்தால் அந்த வாரம் ஒன்றுமில்லை. குழம்புக்கு இன்றைக்கு மீன் வந்தே ஆகவேண்டும் என்று இருப்பவருக்குத் தூண்டில் உறுதி தராது. நூறு முள் கோத்துப் போடும் ராவாயும் தூண்டில் வகைதான். ஆனால் அது படகுக்காரர்களின் தொழில் சாதனம், வீட்டுத் தேவைக்கு மேற்பட்டது.

தூண்டில் போடுகிறவர் ஒரு மீனைக் கட்டாயம் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செம்பிலாங் என்ற விலாங்கு வால் கெளுத்தி. கறுத்த வழுவழுப்பான உடம்பு, வாய்ச் சுற்றிலும் மீசை, வால் துடுப்பு ஈட்டி மாதிரி கூராக முடியும். முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் கடும் விஷம். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் அந்த இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். சூட்டில் விஷம் முறியும், வலி இறங்கும். திருக்கை வால் குத்தினாலும் இதே முதலுதவிதான், பிறகு கிளினிக். ஆகவே தெர்மோஸில் வெந்நீர் கொண்டுபோவது டீ கலக்க மட்டுமல்ல.

இனி பூபு. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சொல்வது மடக்கு நண்டுக்கூடு. இரும்புக் கம்பிச் சட்டம், சுற்றிலும் நைலான் வலை, இரண்டு பக்கம் உள்நோக்கிச் சரியும் வாய், நடுவில் இரை மாட்டும் கொக்கி. ஒன்று பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் வரும். மடக்கினால் தட்டையாகிவிடும். பத்தை அடுக்கி மோட்டார் பின்னால் கட்டலாம். ஐந்தாறு இருந்தாலே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

இதன் அருமை காத்திருப்பதில் இருக்கிறது. நண்டு உள்ளே போனால் சாகாது, கெடாது. நீங்கள் வரும் வரை தண்ணீருக்குள் உயிரோடு இருக்கும். வேலை முடிந்து தண்ணீர் ஏறும் நேரத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, தண்ணீர் திரும்பும்போது போய் எடுக்கலாம். தண்ணீர் நேரம் வேலை நேரத்தோடு மோதினாலும் இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்தைப் பூபு பொறுத்துக்கொள்ளும். வலையும் தூண்டிலும் பொறுக்காது. பெரட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

போடுகிற விதத்தில்தான் நண்டு வருவதும் வராததும். நண்டு கண்ணால் தேடி வருவதைவிட வாசனை பிடித்துத்தான் வருகிறது. இரையின் வாசனை ஓட்டத்தோடு கீழே போகும், நண்டு அதை எதிர்த்து ஏறி வரும். ஆகவே பூபுவின் வாய் ஓட்டத்தின் திசைக்கு நேராக இருக்க வேண்டும். குறுக்காகப் போட்டால் நண்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பி வழியாகவே இரையைக் கிள்ளிக்கொண்டு போய்விடும். இரை நாற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரூங்குப் பக்கம் ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) எனக்குச் சொல்லிக்கொடுத்தது நேர் எதிர்: இரத்தம் உலராத புது மீன் தலை, இல்லாவிட்டால் திருக்கைத் துண்டு. திருக்கை எளிதில் பிய்ந்து போகாது, அதனால் பல நண்டுகளுக்குத் தாங்கும். கோழிக் கழுத்தும் பரவாயில்லை.

கயிற்றைக் கண்டல் வேரில் கட்டும்போது தண்ணீர் ஏறும் உயரத்தை நினைத்துத் தாராளமாக விட வேண்டும். முக்கியமாக, வற்றினால் காயும் இடத்தில் பூபுவை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் நண்டு வெந்துவிடும், உடும்பும் நீர்நாயும் வந்து கூட்டையே பிய்க்கும். இன்னொன்று: வலையின் ஒரு பக்கத்தை நைலானுக்குப் பதில் பருத்தி நூலால் கட்டி வையுங்கள். கயிறு அறுந்து பூபு தொலைந்துபோனால், நூல் சில வாரத்தில் இற்றுத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது தப்பிக்கும். இல்லாவிட்டால் யாருக்கும் பயனில்லாமல் அது மாதக்கணக்கில் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். சொல்லாமல் விட முடியாத விஷயம் இது.

எடுக்கும்போது நண்டைப் பின்பக்கமாக, கடைசி நீச்சல் கால்கள் இரண்டுக்கும் நடுவே ஓட்டோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடுக்கி அங்கே எட்டாது. மல்லாத்திப் பாருங்கள். வயிற்று மூடி ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். பிறகு பின்னங்காலை ஒட்டிய வெள்ளை ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் அண்மையில் ஓடு உரித்த நண்டு, கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். அதைத் திரும்ப விட்டால் அதே கண்டல்காட்டில் சதை வைக்கும். பெண் சேற்று நண்டு முட்டை பொரிக்க ஆற்று முகம் தாண்டிக் கடலுக்குப் போகும். ஒரு நண்டு பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை சுமக்கும். எங்கள் வீட்டில் ஆண் நண்டைத்தான் சட்டியில் போடுகிறோம். பெரட்டலுக்குச் சதை அதிகம், இடுக்கியும் பெரிது. உள்ளங்கையளவு கூட இல்லாததை விட்டுவிடுகிறோம். மழை நாளில் மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசத்துக்கு இரண்டு போதும்.

பூபுவுக்கும் குறை உண்டு. வீட்டில் யாருக்காவது நண்டு ஒவ்வாது என்றால் பயனில்லை. மீன் தற்செயலாகத்தான் மாட்டும். கூட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் தெரியாத இடத்தில் இரவு முழுக்க விட வேண்டாம். பூபு நாகா என்று நீளப் பாம்பு மாதிரி விற்கிறார்களே, அதை வாங்கவே கூடாது. பல வாய், பொடிக் கண்ணி, குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் வாரிவிடும். அது தடை செய்யப்பட்ட சாதனம், மீன்வளத் துறை கண்டால் பறிமுதல் செய்யும்.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் வெடி, நஞ்சு, மின்சாரம் மூன்றும் குற்றம். செவுள் வலையும் மீன்பிடிப் படகும் உரிமம் சம்பந்தப்பட்டவை. 10 அங்குலத்துக்கு மேல் கண்ணியுள்ள மிதவை வலைக்கு ஆமைகளைக் காக்கத் தடை உண்டு. பூபு உட்பட எதை வாங்கினாலும் முன்கூட்டியே மீன்வளத் துறை அலுவலகத்தில் படத்தைக் காட்டி, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் சொல்கிறார்கள்.

காற்றும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் ஓரளவு அமைதி. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைதான் சுமத்ரா காற்று. விடியலுக்கு முன் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து சட்டென்று இறங்கும். மின்னலும் கூடவே வரும். சின்னப் படகில் வலையோடு இருப்பவருக்கு ஆபத்து அதிகம், கரையில் பூபு போட்டவர் ஓடி வந்து மோட்டாரில் ஏறிவிடலாம். கண்டல் ஓடைகளில் முதலை நடமாட்டம் உண்டா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டாம். பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டு எதில் மாட்டினாலும் விட்டுவிடுங்கள். அதில் வால் உருண்டையாக இருக்கும் கண்டல்காட்டு வகையின் முட்டையைத் தின்று செத்தவர்கள் உண்டு.

ஆக, தினமும் வேலைக்குப் போகும் தோட்டத்து வீட்டுக்கு ஐந்தாறு பூபுவும் இரண்டு கைத்தூண்டிலும் என்பது என் தேர்வு. பூபுவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் தூண்டில் போடலாம். பிடிக்கும் கெலாமாவைக் கருவாட்டுக்கு உப்பில் போடலாம், தலையை அடுத்த பூபுவுக்கு இரையாக்கலாம். ஐஸ் பெட்டியில் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் கொண்டுபோங்கள். நண்டை மட்டும் ஐஸில் போடாமல் ஈரச் சாக்கில் நிழலில் வையுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கூடப் படகில் வர அனுபவமுள்ள ஒருவரும், உரிமமும், வலை தைக்கும் பொறுமையும் இருப்பவர் செவுள் வலைக்குப் போகலாம். அவரும் முதல் வலையாக ஒரே ஒரு துண்டு வாங்கி, இரண்டு அங்குலத்துக்குக் குறையாத கண்ணியில் தொடங்கட்டும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தூண்டிலை முதலில் வாங்குங்கள். அவர்கள் வளர்ந்து கயிறு கட்டத் தெரிந்த பிறகு பூபு சேர்த்துக்கொள்ளலாம்.

மடக்குப் பூபு வாங்கும்போது கம்பி முனையைக் கவனியுங்கள். துத்தநாகம் பூசாத கம்பி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்து வலையை அறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் நீண்ட நாள் உழைக்கும்.